எர்லன்சீப்பன் நடுக்கோடு

மார்ச் 4, செவ்வாய்

தம்பி துவாரகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கு என் கையெழுத்து வாசிக்க ஏலாது. ஆகவே இந்தக் கொப்பி வங்கிப் பெட்டகத்தைவிடப் பாதுகாப்பு.

காலையில் கமலநாயகி அக்காவின் பஸ். எங்கள் ஜெர்மன் கிராமம் எர்லன்சீப்பனில் இருந்து வுப்பர்டால் நகரத்துக்குப் போகிற பஸ்ஸைப் பெரும்பாலும் அவதான் ஓட்டுவா. அம்மாவைவிட மூத்தவ. முதன்முதல் ஏறியபோது மரியாதையாக "அன்ரி" என்றேன். "அன்ரிமார் வீட்டில இருப்பினம். பஸ் ஓட்டுறது அக்கா" என்று கதவைச் சாத்தினா. நான் உள்ளே, என் பை வெளியே.

இன்றைக்கு:

"தேனுஜா, ரிக்கற் எங்க?"

"முகத்தில எழுதியிருக்கு அக்கா."

"முகம் காலாவதி. இறங்கு."

இறங்கவில்லை. அட்டையைக் காட்டிவிட்டு முன் சீற்றில் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான். ஒருவருக்கொருவர் நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

மார்ச் 6, வியாழன்

பயிற்சி. முழங்காலில் சேறு, வாயிலும் சேறு.

எங்கள் ஊரில் மாடு ஆயிரம், மனிசர் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு கேலிக் ஃபுட்போல் கழகம் இருக்கிறது. அயர்லாந்து விளையாட்டு. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கம்பம் இங்கிலீஷ் H மாதிரி. குறுக்குக் கம்பிக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று. பேரிலேயே 'கேலி' இருக்கிறபடியால் எனக்காகத்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் முன்வரிசை. பெருமைக்குச் சொல்லவில்லை (பெருமைக்குத்தான் சொல்கிறேன்), பெண்கள் அணியில் அதிகம் புள்ளி போடுகிறவள் நான். பாதி ஆட்டத்துக்கு மட்டும். ஏனென்றால் எங்கள் கழகத்தில் ஒரு விசர் விதி இருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். உலகத்தில் எல்லா இடமும் அப்படித்தான், முன்வரிசை ஆள் மற்றப் பக்கம் போய் மறுபடி முன்வரிசையிலேயே நிற்பாள். எர்லன்சீப்பனில் மட்டும் ஆள் நடுக்கோட்டைத் தாண்டி அசையக்கூடாது. நின்ற புல்லிலேயே நிற்க வேண்டும். முதல் பாதியில் நான் அடித்த அதே கம்பத்தை இரண்டாம் பாதியில் நானே காவல் காக்க வேண்டும். பூட்டை உடைத்த கள்ளனுக்கே திறப்பைக் கொடுக்கிற மாதிரி.

மே மாதம் எங்கள் திடலில் சுற்றுப்போட்டி. இளையோர் அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்கள் வருகிறார்கள். தெரிவானால் இலையுதிர்கால லீவில் அயர்லாந்து. எனக்கு அது வேணும். வேறு எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை, போன் உட்பட. பாதி ஆட்டத்தைப் பின்வரிசையில் நின்று வீணாக்கினால் ஆர் என்னைப் பார்ப்பினம்?

பயிற்சியாளர் சில்கேயிடம் ஏன் இந்த விதி என்று கேட்டேன். "அது எப்போதும் அப்படித்தான்." ஆர் கொண்டுவந்தது? "அது எனக்கு முன்னம்."

எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. கழகக் கூட்டத்தில் வாக்கு இருக்கிறது. விதியை நீக்கச் சொல்லி அன்ட்ராக், அதாவது எழுத்தில் ஒரு பிரேரணை, போடப்போறன்.

மார்ச் 8, சனி

அன்ட்ராக் கொடுத்தாச்சு. பிறின்சியும் கையெழுத்து வைத்தாள். அவள் எங்கள் கோல் காப்பாளி, விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குக் கம்பத்தடிதான். நட்புக்காக வைத்தாளாம். விலை ஒரு டோனர் கெபாப்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று செய்தது என் வாழ்நாளில் சிறந்த பகிடியாக இருந்திருக்க வேண்டும்.

திடலின் ஓரம், சரியாக நடுக்கோட்டுக்கு நேரே, முழங்கால் உயரத்தில் ஒரு பழைய கல். இரண்டு பக்கமும் தேய்ந்த எழுத்து. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானும் பிறின்சியும் அதற்குக் கழக மேற்சட்டை போட்டு, தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டோம்: "சில்கே. அசையமாட்டார். கருத்தும் மாற்றமாட்டார்." போன் எடுத்து நல்ல கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் திடல் ரோட்டோடு ஒட்டியது. ஊர்ப் பக்கத்துக் கம்பத்துக்குப் பின்னால் பஸ் தரிப்பிடம், பிழையாக அடித்தால் பந்து அதன் கூரையில். அந்த ரோட்டில் பஸ் வந்து நின்றது. இறங்க ஒருவரும் இல்லை, ஏறவும் இல்லை. சனத்தை உள்ளே இருத்திவிட்டுக் கமலநாயகி அக்கா இறங்கி, வேலியைத் தாண்டி, புல்லுக்குள்ளால் நேரே வந்தா. சீருடைச் சப்பாத்து முழுக்கச் சேறு.

தொப்பியைக் கழற்றினா. கண்ணாடியை, சட்டையை, அட்டையை. சட்டையை மடித்து என் கையில் தந்தா.

"இதில விளையாடாத" என்றா.

அவ்வளவுதான். நக்கல் இல்லை. ஏச்சு இல்லை. கண் ஒரு மாதிரி.

   கல்லுக்கு என்ன கோவம்? அக்காவுக்கும் கல்லுக்கும் என்ன?

மார்ச் 12, புதன்

வேண்டுமென்றே கடைசித் தரிப்பிடம் வரை போனேன். பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும், அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்பா. முன்னுக்குப் போய் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"உனக்கு அந்தச் சொல் தெரியுமோ?" என்றா. பிறகு சொன்னா. நான் கேட்டபடி எழுதுகிறேன், பகிடி சேர்க்காமல். சேர்க்க வரவும் இல்லை.

அக்கா தொண்ணூற்றொன்றில் வந்தவ. எங்கள் ஊரில் இப்போது பல் வைத்தியர் இருக்கிற கட்டடம்தான் அன்றைய அகதிகள் விடுதி, ஹைம். அதில் எங்கட ஆக்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க அனுமதி இல்லை. வைப்பதென்றால் முதலே கடிதம் எடுக்க வேணும், கடிதம் கேட்ட வேலை முடிந்த பிறகுதான் வரும். வேலையும் செய்யக்கூடாது. காலையில் எழும்பி, பின்னேரம் வரும்வரை பார்த்துக்கொண்டு இருப்பதுதான்.

பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்ட ஐரிஷ் மேசன்மார் வந்திருந்தார்கள். யூர்கனின் அப்பா தன் புல்வெளியை விளையாடக் கொடுத்தார். (யூர்கன் இப்போது கழகத் தலைவர்.) மேசன்மாருக்கு ஆள் காணாது. வேலியில் நின்று பார்த்த எங்கட ஆக்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். "இவையளுக்குக் கால் தெரியும், கை தெரியாது. எனக்குக் கை தெரியும்" என்றா அக்கா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருந்தவவாம். மேசன்மாரோடு சேர்ந்து விளையாடியதில் ஒரே பெண் பிள்ளை அவதான்.

கழகத்தின் முதல் அணி அதுதான். ஏழெட்டு மேசன்மார், ராசன், இராசலிங்கம், இன்னாசித்தம்பி, கமலநாயகி, இன்னும் சில பேர். கழக வீட்டில் மாட்டியிருக்கிற படத்தில் இவர்களில் ஒருத்தரும் இல்லை. அது பிறகு எடுத்த படம்.

ஒருநாள் பந்து காட்டுப் பக்கம் போனது. ராசன் ஓடிப்போய் எடுத்தார். புல்வெளியின் அந்தத் துண்டு அடுத்த மாவட்டம். எல்லைக் கல் அங்கேதான் நிற்கிறது, நான் தொப்பி போட்ட கல். அதுவரை கல்லைக் கவனிக்காமல் எல்லாரும் இரண்டு பக்கமும் ஓடினார்களாம், அன்றைக்கு ஆரோ பார்த்து அறிவித்துவிட்டார்கள். பொலிஸ் வந்தது. தண்டம். இன்னொரு முறை நடந்தால் அகதி வழக்கைப் பாதிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பந்து எடுக்கப் போனதுக்கு. பந்து எடுக்க.

அதோடு ஒன்பது பேரும் விளையாட்டை விட்டார்கள். வேலிக்கு வெளியேயே நின்றார்களாம்.

"அப்ப?" என்று கேட்டேன்.

அப்போது அக்காதான் போனா. மேசன்மாருக்குத் தலைவன் மாதிரி டெக்லன் என்று ஒருவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவவுக்கு இங்கிலீஷும் பெரிதாக இல்லை, ஜெர்மன் இருவருக்கும் இல்லை. ஒரு தடியால் மண்ணில் வலைப்பந்துத் தளத்தைக் கீறிக் காட்டினாவாம். வலைப்பந்தில் ஒவ்வொருத்தருக்கும் ஓர் இடம் உண்டு. இவள் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, அவள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, ஆனாலும் ஆட்டம் நடக்கும், பந்து மட்டும் எல்லா இடமும் போகும். "நாங்கள் இதுக்குள்ள. நீங்கள் அதுக்குள்ள. பந்தை எறி, நாங்கள் பிடிக்கிறம்."

டெக்லன் கீறலைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். அப்படியே போய்விட்டானாம்.

அடுத்த கிழமை போய்ப் பார்த்தால், திடல் நகர்ந்திருக்கிறது.

அதை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னேன். ஓம், திடல். முன்பு முக்கால்வாசி காட்டுப் பக்கம் இருந்ததாம். மேசன்மார் இரண்டு கம்பங்களையும் கிளப்பி ரோட்டுப் பக்கம் கொண்டுவந்து நட்டு, எல்லைக் கல் சரியாக நடுக்கோட்டில் வரும்படி செய்திருக்கிறார்கள். ரோட்டு இல்லாவிட்டால் முழுத் திடலையும் இந்தப் பக்கம் இழுத்திருப்பார்கள் என்றா அக்கா. ரோட்டை மட்டும் நகர்த்த ஏலவில்லை.

ஊர்ப் பாதி எங்கட ஆக்களுக்கு. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது அவர்கள் மாற ஏலாது. ஆகவே முதலில் காவல் காத்தவர்கள் பிறகு அடிக்கிறவர்கள். நின்ற புல்லிலேயே.

அதுதான் என்ர விசர் விதி.

"அப்ப மேசன்மார் மட்டும் எல்லா இடமும் ஓடினவையோ?" என்று கேட்டேன்.

அக்கா பிளாஸ்கை மூடினா. "இல்லை. அவங்களும் தாண்டேல்லை. ஒருத்தனும். தாண்டலாம், ஆர் கேக்கிறது? தாண்டேல்லை."

பிறகு பஸ்ஸை எடுத்தா. நான் வீடு வந்து பிறின்சிக்குப் பகிடி இல்லாமல் ஒரு செய்தி அனுப்பினேன். பிறின்சி "வருத்தமோ?" என்று இரண்டு தரம் எழுதிக் கேட்டாள்.

மார்ச் 13, வியாழன்

நம்பவில்லை என்றில்லை. ஆனால் பார்க்க வேணும் போல இருந்தது.

யூர்கனிடம் கேட்டேன். அப்போது அவர் சின்னப் பெடியனாம். அப்பாவும் மேசன்மாரும் உழவு இயந்திரத்தால் கம்பம் இழுத்தது ஞாபகம் இருக்கிறதாம். "காட்டு நிழலில் புல் ஈரம், அதனால் மாற்றினார்கள் என்று நினைத்தேன்" என்றார். பழைய கம்பம் எங்கே நின்றது? கையை நீட்டிக் காட்டினார். இப்போதைய காட்டுப் பக்கக் கம்பத்துக்கும் பின்னால், மரங்கள் தொடங்குகிற இடத்தில்.

பயிற்சிக்கு முதல் நானும் பிறின்சியும் போய்க் குதிக்காலால் புல்லைக் குத்திக்கொண்டு திரிந்தோம். பிறின்சிதான் கண்டுபிடித்தாள். "ஏய், இது மண் இல்லை." பாசியை உரித்தோம். சீமெந்து. நடுவில் வட்டக் குழி, அதற்குள் ஊசியிலையும் தண்ணியும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

குழிக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. அவ்வளவு ஆழமாக நட்டதை அவர்கள் கிளப்பியிருக்கிறார்கள். பகல் முழுக்கச் செங்கல் அடுக்கிவிட்டு வந்து. பாஷை தெரியாத ஒரு பிள்ளை தடியால் கீறிக் காட்டினதுக்காக.

திடலில் ஏன் ஒரு பக்கம் இவ்வளவு புல் சும்மா கிடக்கிறது, மற்றப் பக்கம் ஏன் பந்து பஸ் தரிப்பிடக் கூரையில் விழுகிறது என்று எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன். நக்கலடித்த அதே திடலில்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறேன்.

பிறின்சி கேட்டாள், "இப்ப அன்ட்ராக்?"

தெரியேல்லையடி.

மார்ச் 14, வெள்ளி

அயர்லாந்து வேணும். விதியும் வேணும். இரண்டும் வேணும் என்றால் எந்தக் கடையில் கேட்பது?

மார்ச் 21, வெள்ளி

கூட்டம். அன்ட்ராக்கைத் திரும்ப எடுக்கலாமா என்று யூர்கனிடம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் ஏறியதை இறக்க ஏலாதாம். ஜெர்மன்காரர் கடவுளை மாற்றினாலும் நிகழ்ச்சி நிரலை மாற்றமாட்டார்கள்.

ஆகவே வேறு திட்டம். கமலநாயகி அக்காவைக் கூட்டிவந்தேன். அவ கதையைச் சொன்னால் ஒருத்தரும் விதியைத் தொடமாட்டார்கள், என் அன்ட்ராக் கௌரவமாகச் சாகும் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா சீருடையோடு வந்தா. கதையைச் சொன்னா. ஜெர்மனில், சுருக்கமாக. சில்கே அழுதுவிட்டாள். யூர்கன் யன்னலால் திடலைப் பார்த்தபடி இருந்தார். அப்பாவைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று அது. கழக வீட்டில் பியர்ப் போத்தலைக்கூட ஒருத்தரும் மேசையில் வைக்கவில்லை.  வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா கதிரையில் இருக்கவில்லை. இன்னும் கதைத்தா.

"நான் அந்தக் கோட்டில ஆசைப்பட்டு நிக்கேல்லை. அப்ப விளையாட வேற வழி இருக்கேல்லை. இப்ப இந்தப் பிள்ளை விளையாட அது வழியை மறிக்குது. அப்ப அது என்ர விதி இல்லை. எடுத்து விடுங்கோ."

வாக்கெடுப்பு. விதியை நீக்க ஆதரவு? கிட்டத்தட்ட எல்லாக் கையும். எதிர்ப்பு?

ஒரு கை. என்னுடையது.

என் அன்ட்ராக்குக்கு எதிராக வாக்குப் போட்ட ஒரே ஆள் நான். யூர்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அறிக்கையில் அப்படியே எழுதினார்.

வெளியே வந்து அக்காவிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தனீங்கள்? "நீதானே அன்ட்ராக் போட்டனி" என்றா. "இப்ப நான் மனம் மாறிட்டன்." "அது உன்ர பிரச்சினை. எனக்கு விடிய முதல் பஸ்."

மே 10, சனி

சுற்றுப்போட்டி.

முழு ஆட்டமும் முன்வரிசை. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. இரண்டாம் பாதியில் முதல் தரமாக நடுக்கோட்டைத் தாண்டி ஊர்ப் பக்கக் கம்பத்தை நோக்கி அடிக்கிறேன். அக்கா நின்ற புல்.

என்ன நடந்தது என்றே தெரியேல்லை. பந்து கையில, முன்னுக்கு ஒருத்தியும் இல்லை, ஓடினாக் காணும். கோடு வந்தோண்ண கால் நிண்டுட்டுது. ஒரு கணம்தான். ஆனா அந்த ஒரு கணத்தில டுசல்டோர்ஃப்காரி வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போயிட்டாள். அடுத்த முறையும் அப்பிடி. அதுக்கடுத்த முறையும். ராசன் ஓடிப்போய் எடுத்த பந்தை நினைக்காமல் அதைத் தாண்ட ஏலேல்லை.

சில்கே கத்தினாள். பிறின்சி கம்பத்தடியில் இருந்து தமிழில் கத்தினாள், அதை இங்கே எழுத மாட்டேன்.

முடிந்தபிறகு தெரிவாளர் என்னிடம் வந்தா. பேர் ஹரிப்ரியா. டார்ம்ஸ்டாட்டில் எஞ்சினியர், இந்தியத் தமிழ். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, சூப்பரா ஸ்டார்ட் பண்ற. மிடில் லைன் வந்தா மட்டும் ஏன் பிரேக் போடுற? அங்க ஏதாவது பள்ளமா?"

"இல்லை" என்றேன்.

"இந்த தடவை செலக்ட் பண்ண முடியாது. செப்டம்பர்ல ரெண்டு இடம் ஃபில் பண்ணுவோம், அதுவும் இங்கதான். வா, என்ன?"

தலையாட்டினேன். கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்து பிறின்சியிடம் வெங்காயம் உரித்தேன் என்று சொன்னேன். கழிப்பறைக்குள் என்ன வெங்காயம் என்று அவளும் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

பஸ்ஸில் பின்சீற்றுக்குப் போனேன். சிவப்பு விளக்கில் அக்கா ஒலிவாங்கியை எடுத்தா. முழுப் பஸ்ஸுக்கும் கேட்கத் தமிழில்: "தேனுஜா, முன்னுக்கு வா."

வந்தேன்.

"சனிக்கிழமை வேலியில நிண்டு பாத்தனான். ஏன் கோட்டில நிண்டு நிண்டு போனனி?"

"நீங்கள் நிண்ட இடம் எண்டு..."

"நான் நிண்டது நிப்பாட்டினபடியால். உன்னை ஆர் நிப்பாட்டினது?"

விளக்குப் பச்சையானது. ஒரு கிழவர் ஜெர்மனில் "போங்கோவன்" என்றார். அக்கா போனா.

கொஞ்சத்தால், ரோட்டைப் பார்த்தபடி: "எனக்கு விசா வரேக்க டெக்லன் ஆக்கள் ஊருக்குப் போயிட்டாங்கள். பிறகு வேலை, பிள்ளையள், பஸ். அங்கால நான் ஒருநாளும் போகேல்லை."

அங்கால என்றால் காட்டுப் பாதி. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறா.

ஜூன் 5, வியாழன்

பயிற்சி தொடங்கும்போது வேலிக்கருகில் கமலநாயகி அக்கா. ஓட்டச் சப்பாத்து, மகனின் ரீ-சேட், தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தா. சில்கேயிடம் பேர் கொடுத்துவிட்டு வந்தாவாம். சில்கே அவவின் கையைப் பிடித்தபடி விடவே இல்லை.

நான் வழமை போல்: "அக்கா, எந்த இடம் நிக்கப் போறியள்? முன்வரிசையோ, பின்வரிசையோ?"

"நிண்டது காணும். ஓடப்போறன்."

பந்தைக் கேட்டா. எறிந்தேன், வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக. ஒற்றைக் கையால் பிடித்தா. வலைப்பந்துக் கை. பிடித்த சத்தமே கேட்கவில்லை.

ஓடத் தொடங்கினா. வேகம் இல்லை. கால் ஒன்று நொண்டியது, மூச்சு இங்கே வரை கேட்டது. கோட்டுக்குக் கிட்ட வந்தா. நிற்பா, குனிந்து பார்ப்பா, கல்லைத் தொடுவா என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் எதிர்பார்த்தார்கள், யூர்கன் உழவு இயந்திரத்தை நிறுத்தியே விட்டார்.

அக்கா நிற்கவில்லை. குனியவும் இல்லை. கோடு எங்கே என்று தெரியாத ஆள் மாதிரித் தாண்டிப் போனா. காட்டுப் பக்கம் போய், கம்பத்தடிக்குக் கிட்டச் சென்று, பந்தைக் குறுக்குக் கம்பிக்கு மேலால் உதைக்கப் பார்த்தா. அது பக்கவாட்டில் போய்ப் புதருக்குள் விழுந்தது.

திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினா: "என்ன வாய் பாக்கிறாய்? பந்தை எடு."

நான் ஓடினேன். புதருக்குள் முட்கள். பந்தோடு நின்று பார்த்தேன். அக்கா இடுப்பில் கையை வைத்து, மூச்சு வாங்க, மரங்களை, புல்லை, இந்தப் பக்கத்தில் இருந்து எங்கள் ஊரை, ரோட்டை, பஸ் தரிப்பிடத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த முகத்தை எழுத எனக்குத் தமிழும் காணாது, ஜெர்மனும் காணாது.

செப்டம்பர் 20, சனி

தெரிவு ஆட்டம் முடிந்தது. இரண்டு இடத்துக்கும் ஹரிப்ரியா பேர் வாசித்தா. முதல் பேர் கொலோனில் இருந்து வந்த ஒருத்தி. மற்றது நான். அம்மா போனில் இரண்டு தரம் "உண்மையோ?" என்றா. துவாரகன் என் அறையைத் தனக்குத் தரச் சொல்லி இப்பவே கேட்கிறான்.

பிறின்சி வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், இண்டைக்குக் கோட்டை எத்தனை தரம் தாண்டினனி என்று.

தெரியாது. பார்க்கவில்லை.